தூக்கிவாரிப்போடும் இசை

என் மனைவியை ஒரு தடவையாவது திடுக்கிட வைத்தே தீருவது என்று ஒரு திங்கட்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது முடிவு செய்தேன்.

சிரிக்காதீர்கள். இது வீட்டுச் சண்டை இல்லை, தொழில். நான் சினிமாவுக்குப் பின்னணி இசை போடுகிறவன். எங்கள் பாஷையில் ஆர்.ஆர்., அதாவது ரீ-ரெக்கார்டிங். பாட்டுப் போடுகிறவரைத் தெருவில் நாலு பேர் நிறுத்திக் கை கொடுப்பார்கள். ஆர்.ஆர். போடுகிறவனைத் தெருவில் நிறுத்துவது போக்குவரத்துப் போலீஸ் மட்டும்தான். கதாநாயகி அழுதால் கூடவே புல்லாங்குழல் அழ வேண்டும். வில்லன் படியேறினால் கூடவே டிரம்ஸ் படியேற வேண்டும். அத்தனையும் செய்து முடித்த பிறகு, "அந்தப் படத்தில் இசைன்னு ஒண்ணு இருந்துச்சா?" என்று கேட்கிறவர்களுக்கு மத்தியில் சிரித்த முகமாக நடமாட வேண்டும்.

இத்தனை காலம் மற்ற இசையமைப்பாளர்களிடம் கீபோர்டு வாசித்தே பொழுதை ஓட்டிவிட்டேன். இப்போதுதான் முதல்முறையாக என் பெயரில் ஒரு படம் வந்திருந்தது. பேய்ப்படம். மனைவியைத் தீர்த்துக்கட்டிவிட்டு நிம்மதியாக வாழலாம் என்று நினைக்கிற ஒருவன், வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். அலமாரிக் கதவு தானாகத் திறக்கிறது. அந்த இடத்தில் இசை வந்து விழ வேண்டும். தியேட்டரே நாற்காலியை விட்டு எழும்ப வேண்டும். படத்தின் உயிர் அந்த அலமாரிக்குள்தான் இருக்கிறது என்று இயக்குநர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

நானும் போட்டுக் காட்டினேன். இடி மாதிரி ஒன்று. தகரம் கிழிவது மாதிரி ஒன்று. வயலின் கோஷ்டி மொத்தமும் ஒரே நேரத்தில் தேளை மிதித்தது மாதிரி ஒன்று. இயக்குநர் மூன்றையும் கேட்டார். மூன்றாவது வெடித்தபோது அவர் டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். பிஸ்கட்டின் நுனிகூட உடைந்து விழவில்லை. அப்படி ஒரு நிதானம்.

"சார், கோவிச்சுக்காதீங்க" என்றார். "வருது வருதுன்னு முன்னாடியே தெரியுது. வந்தப்புறம், வாங்க, உட்காருங்கன்னு சொல்லத் தோணுது."

"சத்தத்தைக் கொஞ்சம் கூட்டட்டுமா?"

"கூட்டினா காது வலிக்கும் சார், தூக்கிவாரிப்போடாது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தயாரிப்பாளரைக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்கே வரேன். எங்க ரெண்டு பேர்ல ஒருத்தராவது சீட்டைவிட்டு எழும்பணும்."

"எழும்பலைன்னா?"

"தயாரிப்பாளருக்குத் தெரிஞ்ச தாடிக்காரர் ஒருத்தர் இருக்கார். ரொம்ப நல்லாப் பண்றாராம்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டார்.

இந்தப் படம் போனால் மறுபடியும் யாருக்காவது பின்னால் உட்கார்ந்து கீபோர்டு தட்ட வேண்டியதுதான். தாடி வளர்த்துப் பார்க்கலாம் என்றால் எனக்கு அதுவும் ஒழுங்காக வளராது.

அப்போதுதான் மனைவியின் ஞாபகம் வந்தது. அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியின் முன் மேஜையில் வேலை பார்க்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு கதவு. கதவுக்குப் பின்னால் துளைபோடும் மெஷின். நாள் முழுக்க உள்ளே ஜனங்கள் அலறுகிறார்கள். இவள் வெளியே, "அடுத்த வாரம் புதன்கிழமை வர முடியுமா?" என்று இனிமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒருமுறை அவளை அழைத்துவரப் போயிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு அலறல் கிளம்பியது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவள் தலையைக்கூடத் தூக்காமல், "இது ஊசியைப் பார்த்ததும் கத்தறது. இன்னும் போடவே இல்லை" என்றாள். அலறலைக் கேட்டே ஆளின் நிலவரத்தைச் சொல்லிவிடுகிற காது. இவளைத் திடுக்கிட வைத்துவிட்டால் தயாரிப்பாளர் எம்மாத்திரம்? இதுதான் என் கணக்கு.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ஒரு டைனிங் டேபிள் உண்டு. அவள் ஆசைப்பட்டுத் தேடி அலைந்து வாங்கியது. வந்த சில நாட்களிலேயே அதன் மேல் என் கீபோர்டு ஏறியது. பின்னாலேயே மிக்ஸர், மானிட்டர், ஸ்பீக்கர், ஒரு சாக்கு வயர். நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் சாப்பிடுகிறோம். டேபிள் எப்போது காலியாகும் என்று அவள் கேட்காத நாள் கிடையாது. "இந்தப் படம் முடியட்டும்" என்று நான் சொல்லாத நாளும் கிடையாது.

அந்தத் திங்கட்கிழமை காலை அவளிடம் சவாலை வீசினேன்.

"இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள உன்னைத் திடுக்கிட வைக்கிறேனா இல்லையா, பாரு!"

"முதல்ல வாயைக் கொப்பளிச்சுட்டு வந்து பேசுங்க."

கொப்பளித்துவிட்டு வந்து விஷயத்தைச் சொன்னேன். அவள் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"திடுக்கிடலைன்னா?"

"அந்தப் பேச்சுக்கே இடமில்லை."

"இருந்தா?"

"என்ன வேணும் உனக்கு?"

"டேபிள்."

"சரி. ஆனா நீ திடுக்கிட்டுட்டா, ஆயுசுக்கும் அந்த டேபிளைப் பத்தி மூச்சு விடக் கூடாது."

"சரி. நீங்க திடுக்கிட்டா?"

"நானா!" சிரிப்பு வந்துவிட்டது. "நான் இந்தத் தொழில்லயே ஊறினவன்மா. எந்த இடத்துல எது வந்து விழும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். என்னை எவனால திடுக்கிட வைக்க முடியும்?"

"முடியாதில்ல? அப்ப அதையும் சேர்த்துக்குவோம். நீங்க திடுக்கிட்டாலும் டேபிள் எனக்கு."

"சேர்த்துக்கோ, சேர்த்துக்கோ" என்று தாராளமாகச் சொன்னேன். இந்தத் தாராளம் எங்கள் பரம்பரை வியாதி.

செவ்வாய்க்கிழமை சமையலறையில் மாவு டப்பாவுக்குப் பின்னால் சின்ன ஸ்பீக்கர் ஒன்றைச் சொருகினேன். அவள் டப்பாவுக்குக் கை நீட்டினாள். கூடத்திலிருந்து பொத்தானை அழுத்தினேன். இடி விழுந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவள் டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். "இங்கெல்லாம் ஸ்பீக்கர் வைக்காதீங்க. மாவு உள்ள போச்சுன்னா அப்புறம் அது இருமும்" என்றாள்.

திடுக்கிட்டது கீழ்வீட்டு வக்கீல்தான். பாதி முகத்தில் ஷேவிங் சோப்போடு மேலே ஓடிவந்தார்.

"என்ன சார் இடிஞ்சுது? என் தலைக்கு மேலயா?"

"ஒண்ணுமில்லை சார், இசை."

"இசையா!" என்று அதற்கும் ஒருமுறை திடுக்கிட்டார்.

அவரை வைத்துச் சோதனை செய்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். பிரயோஜனமில்லை. அவர் எங்கள் வீட்டு அழைப்பு மணியை அடித்துவிட்டு, அது அடிக்கிற சத்தத்துக்குத் தானே துள்ளுகிறவர். அவர் துள்ளியதைக் கணக்கில் எடுத்தால் உலகத்தில் எல்லா இசையும் தேறிவிடும்.

புதன்கிழமை செருப்பு ஸ்டாண்டில் வைத்தேன். அவள் உள்ளே நுழைந்ததும் தகரம் கிழிந்தது. போனில் பேசிக்கொண்டே வந்தவள், "ஒண்ணுமில்லைம்மா, உங்க மாப்பிள்ளை வேலை செய்யறார்" என்று சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனாள்.

வியாழக்கிழமை விஷயத்தில் எனக்கே அசாத்திய நம்பிக்கை இருந்தது. படத்தில் வருகிற மாதிரியே அவளுடைய துணி அலமாரிக்குள் ஸ்பீக்கரை வைத்தேன். திரைச்சீலைக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அவள் கதவைத் திறந்தாள். வயலின் கோஷ்டி தேளை மிதித்தது. அவள் ஒரு துண்டை உருவினாள், கதவைச் சாத்தினாள், திரும்பாமலேயே பேசினாள்.

"வெளியே வாங்க. கால் தெரியுது."

வெளியே வந்தேன். மனம் உடைந்துபோயிருந்தது.

"நிஜமாச் சொல்லு. உனக்கு எப்படித்தான் முன்னாடியே தெரியுது?"

"இதுல என்ன ரகசியம் இருக்கு? காலைல எழுந்ததுலேர்ந்து பேசிக்கிட்டே இருக்கிற ஆள் நீங்க. குளிக்கும்போதுகூட உள்ள இருந்து ஏதாவது சொல்லிக்கிட்டேதான் இருப்பீங்க. திடீர்னு வாயை மூடினா ஏதோ வரப்போகுதுன்னுதானே அர்த்தம்?"

அதனால் வெள்ளிக்கிழமை வாயை மூடவே இல்லை. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினேன், விலைவாசியைப் பற்றிப் பேசினேன், அவளுடைய தம்பியைப் பற்றி நல்லதாகக்கூட நாலு வார்த்தை பேசினேன். பேச்சோடு பேச்சாக, முதுகுக்குப் பின்னால் பொத்தானை அழுத்தினேன். பேச்சையும் விரலையும் ஒரே சமயத்தில் ஓட்டியதில் எங்கேயோ தாளம் தப்பி நாக்கைக் கடித்துக்கொண்டேன். ரத்தம் வந்துவிட்டது. இசை வந்ததா என்றே எனக்குத் தெரியாது. அவள் எழுந்து வந்து என் தாடையைப் பிடித்தாள்.

"வாயைத் திறங்க. இன்னும் பெரிசா. சின்னக் காயம்தான். இருங்க, மருந்து போடறேன். தம்பியைப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தீங்களே, அதை அப்புறம் சொல்லுங்க."

சனிக்கிழமை மாடிப்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். கீழ்வீட்டு வக்கீல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கதை முழுவதையும் கேட்டார்.

"சார், நீங்க சத்தத்தைக் கட்டிக்கிட்டு அழறீங்க" என்றார். "நீதிபதி என்னைத் திட்டினார்னு வைங்க, எனக்குப் பிரச்சினையே இல்லை. திட்டறாரேன்னு கேட்டுக்குவேன். ஆனா சில சமயம் கண்ணாடியைக் கழட்டி மேஜை மேல வெச்சுட்டு, ஒண்ணுமே சொல்லாம என்னைப் பார்ப்பார். அப்பத்தான் சார் எனக்கு உதறும். ஜன்னல் வழியாக் குதிச்சிடலாமான்னு தோணும்."

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் சொன்னதில் எனக்கு உபயோகமான ஒன்று இருந்தது. உடனே ஓடிப்போய், அலமாரிக் கதவு திறந்த பிறகு வெறும் மௌனத்தை வைத்தேன். நீளமாக வைத்தேன். பார்க்கிறவன், "என்ன, மெஷின் நின்னுபோச்சா?" என்று நினைக்கிற அளவுக்கு. அதற்கப்புறம் இடி, தகரம், தேள் மூன்றையும் ஒன்றாகக் கட்டி இறக்கினேன். கேட்டதும் எனக்கே புல்லரித்தது. திடுக்கிடவில்லை, புல்லரித்தது. இரண்டும் வேறு.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மனைவியைத் தனியாக அழைத்து, கௌரவத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டுக் கேட்டேன்.

"அவங்க முன்னாடி நீ கொஞ்சம் திடுக்கிடற மாதிரி நடிச்சுடேன். நீ துள்ளினா அவங்களும் துள்ளுவாங்க."

"நான் திடுக்கிட்டா டேபிள் போயிடுமே."

"டேபிள் பெரிசா, படம் பெரிசா?"

"படம் உங்களோடது. டேபிள் என்னோடது."

"தாடிக்காரன் கொண்டுபோயிடுவான்மா!"

"டேபிளையா?"

இப்படிப் பேசுகிறவளிடம் என்ன வாதாடுவது? எனக்குக் கோபத்தில் கண் கலங்கிவிட்டது. அவள் ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு டீ போட உள்ளே போய்விட்டாள்.

இயக்குநரும் தயாரிப்பாளரும் வந்தார்கள். தயாரிப்பாளர் லாரிக் கம்பெனி வைத்திருக்கிறவர். பெரிய உடம்பு, பெரிய மீசை. அவர் இருமினால் டிரைவர்கள் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார்களாம். அவர் உட்கார்ந்ததும் எங்கள் சோபா ஒரு மூச்சு விட்டது. "டாக்டர் வேணாம்னு சொல்லியிருக்கார்" என்று சொல்லிக்கொண்டே சிகரெட் பாக்கெட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். இயக்குநர் டீ வருவதற்குள் தயாராகத் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார். நான் ஜன்னல்களைச் சாத்தினேன், திரையை இழுத்துவிட்டேன், டேபிளுக்கு முன்னால் உட்கார்ந்து காட்சியை ஓடவிட்டேன்.

கதாநாயகன் தனியாக உட்கார்ந்திருக்கிறான். அலமாரிக் கதவு மெதுவாகத் திறக்கிறது. மௌனம். தயாரிப்பாளரின் மூச்சு எனக்குக் கேட்டது. மௌனம் நீண்டுகொண்டே போனது. அவருடைய கால் ஆட ஆரம்பித்தது. அலுப்பில்தான் ஆடியது என்று நினைக்கிறேன்.

"என்னங்க..."

சமையலறை வாசலிலிருந்து. மெதுவாக. கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து.

கல்யாணம் ஆனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகாதவர்களுக்காகச் சொல்கிறேன். கடையில் ஏதாவது வாங்கிவரச் சொல்ல ஒரு 'என்னங்க' உண்டு. அது கட்டைக் குரல். பல்லியைப் பார்த்தால் ஒன்று உண்டு. அது உச்சஸ்தாயி. இரண்டும் ஆபத்தில்லாதவை. ஆனால் மெதுவாக வந்து, இழுத்து நின்று, அதற்கப்புறம் வாக்கியமே வராத ஒரு 'என்னங்க' இருக்கிறதே, அதைக் கேட்டதும் மாலை மாற்றிய நாளிலிருந்து செய்த அத்தனை தப்பும் ஒரே நொடியில் வரிசையாக வந்து நிற்கும். எதைக் கண்டுபிடித்துவிட்டாளோ தெரியாது. ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள் என்பது மட்டும் தெரியும்.

நான் துள்ளிய துள்ளலில் முழங்கால் டேபிளில் மோதி கீபோர்டு தானாக அலறியது. இயக்குநரின் பிஸ்கட் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து நொறுங்கியது. தயாரிப்பாளர் விறைப்பாக எழுந்து நின்று சிகரெட் பாக்கெட்டைச் சோபா மெத்தைக்கு அடியில் திணித்தார்.

"நான் இல்லம்மா! நான் அப்பவே வேணாம்னுதான் சொன்னேன்!"

அதற்கப்புறம்தான் என் இடியும் தகரமும் தேளும் வந்து விழுந்தன. கல்யாணம் முடிந்து பந்தல் பிரிக்கும்போது வந்த விருந்தாளியைப் போல, யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சார்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார் இயக்குநர். "என்ன சார் இது! மௌனத்தை வெச்சு, அதுக்குள்ள ஒரு பொம்பளைக் குரலை இறக்கியிருக்கீங்க! எப்படி சார் தோணுச்சு?"

மனிதனுக்குச் சபலம் வரக் கூடாதுதான். வந்துவிட்டது.

"அது வந்து, ரொம்ப நாளா மனசுல ஊறிக்கிட்டிருந்த ஒரு சங்கதி..."

"சர்க்கரை எவ்வளவு போடணும்னு கேட்க வந்தேன்" என்றபடி டிரேயோடு உள்ளே வந்தாள் மனைவி.

இயக்குநர் என் கையை விட்டுவிட்டார். "மேடம், நீங்களா? இன்னொரு தடவை சொல்லுங்க, ப்ளீஸ்."

இந்தத் தடவை எல்லாருக்கும் தெரியும். யார் சொல்லப்போகிறார், எதைச் சொல்லப்போகிறாள், எங்கிருந்து சொல்லப்போகிறாள், எல்லாம் தெரியும். தயாரிப்பாளர் சோபாக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். நான் காலைத் தரையில் ஊன்றிக்கொண்டேன். அவள் டிரேயை வைத்தாள். முந்தானையைச் சரிசெய்தாள். காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. இயக்குநர் என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"என்னங்க..."

மூன்று பேரும் மறுபடியும் எழுந்து நின்றோம்.

"இது இசையே இல்லையே சார்!" என்றேன் நான். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

"யார் சொன்னது?" என்றார் தயாரிப்பாளர், நெற்றியைத் துடைத்துக்கொண்டே. "செத்துப்போன பொண்டாட்டி அலமாரிக்குள்ள இருந்து இப்படிக் கூப்பிட்டான்னா எவன் சீட்டுல உட்காருவான்? படம் உங்களுக்குத்தான் சார். தாடியை வர வேணாம்னு சொல்லிடறேன். ஆனா இந்தக் குரல் வேணும்."

"பேசிக் கொடுக்கறேன்" என்றாள் மனைவி. "ஆனா, வயருக்கு நடுவுல எனக்குக் குரல் வராது. டேபிள் காலியானா வரும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "திடுக்கிட்டீங்களா, இல்லையா?"

"நானா? முழங்கால் தற்செயலாப் போய்..."

"சார்தான் முதல்ல எழும்பினார்!" என்று குறுக்கே விழுந்தார் தயாரிப்பாளர். "நான் அவருக்கு அப்புறம்தான்." தனக்கு முன்னால் ஒருவன் பயந்தான் என்பதில் அவருக்கு அவ்வளவு ஆறுதல். அவரே என் கீபோர்டைத் தூக்கிக்கொண்டுபோய், துணி காயப்போடுகிற பால்கனியில் வைத்தார். இயக்குநர் வயர்களைச் சுருட்டி எடுத்துவந்தார். இத்தனை நாள் நான் கெஞ்சியும் ஸ்டுடியோவில் ஒரு நாற்காலியை நகர்த்தித் தராதவர்கள்.

அவர்கள் போன பிறகு கேட்டேன்.

"சர்க்கரை கேட்கத்தானே வந்தே?"

"எல்லா டீயிலும் சர்க்கரை போட்டுத்தான் கொண்டுவந்தேன்."

"அப்ப வேணும்னேதானா?"

"ஒரு வாரமா என்னைப் பயமுறுத்தப் பார்த்தீங்களே, எது நம்மைப் பயமுறுத்துதுன்னு ஒரு தடவை உங்களையே கேட்டுப் பார்த்தீங்களா?" டேபிளைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "படமும் போகக் கூடாது, டேபிளும் வரணும். இதை விட்டா வேற வழி தெரியலை."

எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் பால்கனிக்குப் போய், ஈரப் புடவைக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன்.

படம் முடிந்து, சின்னத் தியேட்டர் ஒன்றில் மத்தியானக் காட்சியாகப் போட்டுக் காட்டினார்கள். சினிமாக்காரர்கள் எல்லாரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். கீழ்வீட்டு வக்கீலையும் அழைத்துப்போயிருந்தேன். திரையில் 'பின்னணி இசை' என்று போட்டு என் பெயர் வந்தது. பெரிய எழுத்து. என் மனைவிதான் முதலில் கைதட்டினாள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அலமாரிக் காட்சி வந்தது. எனக்கு அணு அணுவாகத் தெரியும். அந்தக் குரலைப் பதிவு செய்தவன் நான். வெட்டி ஒட்டியவன் நான். பால்கனியில் ஓயாமல் திருப்பித் திருப்பிக் கேட்டு அலுத்தவன் நான். கதவு திறந்தது. மௌனம். முன்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமி, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

"என்னங்க..."

நாலு சுவரிலிருந்தும் மெதுவாக வந்தது.

தியேட்டரே எழுந்தது. ஆண்கள் வரிசை வரிசையாக எழுந்தார்கள். இருட்டில் அங்கங்கே, "இதோ வந்துட்டேன்!", "இதோ வரேம்மா!", "நான் எடுக்கலை!" என்று பதில் குரல்கள். வக்கீல் வாசல் கதவு வரைக்கும் போய்விட்டார். ஒரு நொடி கழித்துப் பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரிப்பு அடங்கவே இல்லை. ஆண்கள் அசடு வழிய ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். தயாரிப்பாளரும் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார்.

யாரோ என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார்கள்.

"நான் கூப்பிடலை. உட்காருங்க" என்றாள்.